பதினேழாம் தொட்டி

பின்லாந்தின் போரி நகரில்
சூரியன் மூன்று மணிக்கே கையெழுத்துப் போட்டுவிட்டுக்
கிளம்பிவிடும் மாதம்.
ஆறு உறைந்து கிடக்கிறது.
கூடத்துக்குள் மட்டும் அறுபத்து நான்கு பாகை;
பல்லைக் கூசவைக்கும் அமில ஆவி.

ரௌனி தொட்டி விளிம்புகளில் நடக்கிறாள்.
கையில் மில்லிவோல்ட் மீட்டர்.
தொட்டிக்கு முப்பது நேர்மின்வாய்,
ஒவ்வொன்றும் முந்நூற்றெண்பது கிலோ கரடுமுரடான செம்பு.
அதற்கு ஒரே வேலைதான்:
இருபத்தொரு நாளில்
தன்னைச் சொல்லிச் சொல்லித் தீர்த்துக்கொள்வது.
எதிரே தொங்கும் தகடு
கேட்டுக் கேட்டே தடிக்கும்.

ஒன்பதாம் நாள் இரவு
பதினேழாம் தொட்டியில் எண்கள் தடுமாறின.
ஏறின. இறங்கின. மறுபடி ஏறின,
சொல்லலாமா வேண்டாமா என்பதுபோல.
பிறகு ஒரேயடியாய் உயர்ந்து நின்றன.

வாய் மூடிக்கொண்டது.

ஒரு வாய் மூடினால் மின்சாரம் நிற்பதில்லை.
அடுத்த வாயிடம் போய் அதன் பங்கையும் கேட்கும்.
அது கொஞ்ச நேரம் இருவருக்காகப் பேசும்,
பிறகு அதுவும் மூடிக்கொள்ளும்.
விடிவதற்குள் பதினொன்று.

கிரேன் ஒன்றைத் தூக்கிக் காட்டியது.
மேலே கரிய சேறு.
பிளாஸ்டிக் கரண்டியால் ரௌனி சுரண்டினாள்:
அடியில் பளீரென்று மயில்துத்தம்.
கரைந்த செம்புதான்.
வெளியேற வழியில்லாமல்
தன் வாசலிலேயே கல்லாகி
வாசலை அடைத்திருக்கிறது.

பகுப்பாய்வுத் தாளோடு என்சியோ வந்தான்.
தாடியில் பனி.
“வெள்ளி மூன்று மடங்கு.
நிக்கல் அதிகம், அது ஆக்சைடு மணலாய்க் கரையாமல் நிற்கிறது.
ஈயமும் கொஞ்சம்.”
வெள்ளி கூடியதென்று
போன வாரம்தான் மேலாளர் எல்லோருக்கும் கேக் வெட்டினார்.

“அதுகூடப் பரவாயில்லை,” என்றான்.
“ஆர்செனிக் போதவில்லை.”

ரௌனி சிரித்துவிட்டாள்.
மாதத்தின் முதல் செவ்வாய்தோறும்
சிறு பிளாஸ்டிக் கோப்பையில் சிறுநீர் கொடுக்கிறாள்,
உடம்பில் அந்தப் பாஷாணம் எவ்வளவு ஏறியிருக்கிறதென்று பார்க்க.
அதுதான் இப்போது போதவில்லையாம்.

“ஏனென்று கேட்காதே. கட்டுரைகள் சண்டை போடுகின்றன.
அது இருந்தால் சேறு இறுகாமல் இளகிக் கிடக்கும்.
செம்பு போய்க்கொண்டிருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

செம்போடு களிம்பு கூடவே பிறக்கும்.
எந்தக் களிம்பு என்பதுதான் கேள்வி.
விலை உயர்ந்தது வழிமறித்து நின்றது.
நஞ்சு, நகர்ந்து வழிவிட்டிருக்கும்.

மின்னோட்டத்தைக் குறைத்தார்கள்.
எலும்புப் பசையின் அளவைச் சரிபார்த்தார்கள்.
அடுத்த வார்ப்பில் பழைய அழுக்குச் சரக்கைக் கலக்கச் சொல்லி
உருக்காலைக்கு ஒரு வரி அனுப்பினார்கள்.
மூடிய பதினொன்றையும் சுரண்டி, கழுவி,
மறுபடி இறக்கினார்கள்.

ஆறு மணி. ஓய்வறை. ஆறிப்போன காப்பி.
நான்கு ஆண்டுகளாய்த் தங்கை தெல்லெர்வோவுக்கு
ஞாயிறு தவறாமல் போன் செய்கிறாள்.
பனி எப்படி? நல்ல பனி.
பிள்ளைகள்? நலம்.
அப்பாவின் ஏரிக்கரை வீட்டைப் பிரித்த நாளிலிருந்து
இருவரும் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை.
எல்லாம் நல்ல வார்த்தை.
வெள்ளி வார்த்தை.

இன்று வியாழன். இருந்தும் எண்ணை அழுத்தினாள்.

“என்ன, இந்நேரத்தில்?”

“படகை நீ விற்றுவிட்டாய். எனக்குத் தெரியும்.
முதல் கோடையிலேயே தெரியும்.”

எதிர்முனையில் மூச்சு. ஏறியது. இறங்கியது.

பிறகு தெல்லெர்வோ கத்தத் தொடங்கினாள்:
படகு, வாடகை, ஆஸ்பத்திரி ராத்திரிகள்,
யார் வந்தார்கள், யார் வரவில்லை,
அம்மாவின் குளிர்கோட்டு.

ரௌனி போனை மேசைமேல் வைத்து
ஒலியைக் கூட்டினாள்.
கையுறையைக் கழற்றினாள்.
நகக்கண்ணில் கரிய சேறு.
கேட்டுக்கொண்டிருந்தாள்.