ஆகஸ்ட் மாதத்தின் இடது மூலை

காக்கைதீவில் ரிஸ்மான் எடுத்த ஐம்பத்தொரு படங்கள்
மெமரி கார்டில் வந்து சேர்ந்தன,
கார்டின் உறைக்குள் கொஞ்சம் மணலும்.
களனி கடலில் விழும் இடம். பின்னேரம் ஆறு இருபது.
"வானம் எரிஞ்சு போகப்படாதுண்டு
கொஞ்சம் இருட்டா எடுத்தேன், நீங்க தூக்குங்க."

அடுக்குமாடிக் கம்பனியின் நாட்காட்டிக்கு
பன்னிரண்டு தேவை. இது ஆகஸ்ட்.

ரோ கோப்பு திறந்தவுடன் அழகாய் இராது.
நித்திரையால் எழும்பின முகம்.
கண்ணுக்குத் தெரிவதைவிடக் கூடுதலாய்
உள்ளே வைத்திருக்கும், கேட்டால்தான் தரும்.

முதலில் வெப்பநிலை.
அந்த ஸ்லைடரை இடப்பக்கம் தள்ளினால்
கொட்டாஞ்சேனை மூன்றாம் மாடியில்
கரண்ட் போய் ஃபேன் நின்ற அறையில்
கடலுக்காவது குளிர்கிறது.
வலப்பக்கம் தள்ளினால் மாம்பழச்சாறு.
திலினி மிஸ்ஸுக்கு மாம்பழச்சாறுதான் பிடிக்கும்.

வெள்ளை எது, தொட்டுக் காட்டு என்கிறது மென்பொருள்.
நுரையைத் தொட்டேன்:
மாலை முழுதும் நீலம் பாரித்தது.
கொக்கைத் தொட்டேன்: மணல் ஊதாவாகிவிட்டது.
ஆற்றோடு மிதந்துவந்த
ரெஜிபோம் துண்டொன்றைத் தொட்டபோதுதான்
எல்லாம் அதனதன் நிறத்துக்கு வந்தது.

தொடுவானம் ஒன்று தசம் மூன்று பாகை சரிவு.
இந்து சமுத்திரத்தை நிமிர்த்தினேன்,
ஒரு விரலால்.
துறைமுகக் கிரேன்கள் நான்கு. மூன்றை நீக்கினேன்.
ஒன்று நிற்கட்டும்,
கொழும்பு என்று தெரியவேண்டுமே.

பிறகு நிழல்களைத் தூக்கினேன்.
இருபது.
நாற்பது.
அறுபத்தைந்தில், இடது மூலையில்,
கவிழ்த்த வள்ளத்தின் பக்கத்தில்
ஒருவர் இருந்தார்.

சாரம். முழங்காலைக் கட்டிய கைகள்.
ஒரு செருப்பு காலில், மற்றது மணலில்.
இத்தனை பெரிய சூரியன் இறங்கும்போது
அவர் அதைப் பார்க்கவில்லை.
கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருப்பித்துப் பார்த்தேன்.
முகம் தானியம் தானியமாய் உதிர்ந்தது.
இருட்டைத் தூக்கினால் இரைச்சல் எழும்,
அதற்கும் ஒரு ஸ்லைடர் இருக்கிறது.
அதைத் தள்ள
முகம் மெழுகாகி வழுக்கியது.
பழையபடி இரைச்சலோடே விட்டேன்.

முந்திய படத்தைத் திறந்தேன். இருந்தார்.
அதற்கு முந்தியதிலும்.
நாற்பத்துமூன்று படங்களில் அதே இருப்பு,
நாற்பத்துநான்கில் வள்ளம் மட்டும்.

ரிஸ்மானுக்கு அடித்தேன்.
"வல்லாஹி, நான் ஆளக் காணவே இல்ல.
நாப்பது நிமிஷம் அங்கதானே நிண்ட!"

திலினி மிஸ் வாட்ஸ்அப்பில்:
ஆளில்லாத கடற்கரைதான் வேணும்,
கீழே வங்கி விடுமுறைகள் வரும்.

அழிக்கும் தூரிகைக்கு இரண்டு செக்கன் வேலை.
மணலில் இருந்து மணலெடுத்து
மனிதன் மேல் ஒட்டிவிடும்.
தூரிகையை அவர் அளவுக்குப் பெருப்பித்தேன்,
வட்டம் அவர்மேல் நின்றது.
யூபிஎஸ் கீக் கீக் என்றது.

பெரிய நியாயமொன்றும் தோன்றவில்லை.
தூரிகையை மூடிவிட்டு
நிழல் ஸ்லைடரைப் பின்னால் இழுத்தேன்:
நாற்பது, இருபது, பூச்சியம், அதற்கும் கீழே.
வந்த வழியே போனார்.
"பர்ஃபெக்ட்" என்றார் திலினி மிஸ்.

ரோ கோப்பை நான் தொடவேயில்லை. தொடவும் விடாது.
என் இரண்டு நாள் உழைப்பு
பக்கத்தில் கிடக்கும் ஒரு குட்டிக் கோப்பு,
ஒன்பது கிலோபைட்:
இதைக் கூட்டு, அதைக் குறை, இங்கே வெட்டு.
அபிப்பிராயங்கள்.
அதை அழித்துவிட்டுத் திறந்தால்
நான்கு கிரேன்களும் வரும்,
கடல் மறுபடி சரியும்.

இப்போது ஆகஸ்ட்.
கொச்சிக்கடைத் தேத்தண்ணிக் கடையில்
காசு மேசைக்கு மேலே தொங்குகிறது.
மிச்சக்காசுக்குக் காத்திருந்த நேரம்
இடது மூலையைப் பெருவிரலால் தடவினேன்.
"என்ன, ஊத்தையா?" என்றார் முதலாளி.
"இல்லை, மை."
அவர் நம்பவில்லை.
தோளில் கிடந்த துணியை நனைத்து
அந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தார்.