ஈர அரிசித் தெரு

பதினோரு ஆண்டுகளாக
என் கைகளுக்கு முதுகுப் பக்கம்தான் வேலை,
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு.
ஓவியத்துக்கும் மூக்குக்கும் நடுவே
ஒரு முழம் காற்று.
அதைக் காக்கத்தான் சம்பளம்.
தொடாதீர் என்று நான்கு மொழிகளில் பலகை,
ஐந்தாவது மொழி என் செருமல்.

இந்தத் திங்கட்கிழமை பலகையைக் கழற்றிவிட்டார்கள்.
மூன்றாம் தளக் கூடத்தில்
இருநூற்றுப் பன்னிரண்டு மூங்கில் குழாய்கள்
பிள்ளைகளின் தோளுயரத்தில் தொங்குகின்றன.
உள்ளே முள் வரிசை, அரிசி.
கவிழ்த்தால் மழைச் சத்தம்.
செய்தவள் பினாங்குக்காரி,
தயிர்க் கிண்ணத்தால் அளந்து அளந்து கொட்டினாள்.
போகும்போது ஒன்றுதான் சொன்னாள்:
"உடைந்தால் உடையட்டும். ஒட்டவேண்டாம்."
மேற்பார்வையாளர் குவெக் சிரித்தார்,
சிரித்த கையோடு
சேதப் படிவம் ஒரு கட்டு
என் மேசையில் வைத்துப் போனார்.

புதன்கிழமை, பத்தரை மணி.
தொடக்கநிலை இரண்டு, முப்பத்தெட்டுப் பேர்,
இரண்டு வரிசை, உதட்டில் விரல்.
"தொடலாம்" என்றேன்.
யாரும் தொடவில்லை.
ஒருவன் கை தூக்கினான்: எந்தக் கையால்?
இன்னொருத்தி: ஆளுக்கு எத்தனை தடவை?
பின்வரிசையிலிருந்து: மார்க் உண்டா?

ஆசிரியை என்னைப் பார்த்தார்.
நான் திரும்பிப் பார்த்தேன்,
எனக்கும் பின்னால் ஒரு காவலாள்
நிற்பதுபோல இருந்தது.
யாருமில்லை.
முதுகிலிருந்து வலக்கையை அவிழ்த்தேன்.
மூங்கில் சில்லென்றிருந்தது,
கணுவருகே கொஞ்சம் சொரசொரப்பு.
கவிழ்த்தேன்.
வீட்டுக் குழாயை
யாரோ சரியாக மூடாததுபோல
ஒரு சொட்டுச் சத்தம். அவ்வளவுதான்.

அடுத்தவன் ஹைகல்.
அவனைப் பார்த்துத் தேஜஸ்வின்.
அதற்கப்புறம் எனக்கு எண்ண வரவில்லை.
சொட்டு தூறலாயிற்று, தூறல் சடசடத்தது,
கூடமே சோவென்று இரைந்தது.
ஒருத்தி குழாயைக் கட்டிக்கொண்டு
காதை அழுத்தியபடி கண்ணை மூடிவிட்டாள்.
யாருடைய காலணியோ தனியாகக் கிடந்தது.
ஒரு பையன் இரண்டு குழாயை மோதவிட்டான்,
மழைக்கு இடி வேண்டுமாம்.

இடி வந்தது.
குழாய் நீளவாக்கில் பிளந்து
தரையெங்கும் வெள்ளையாய் ஓடிற்று அரிசி.

எல்லாரும் நின்றார்கள்.
விரல்கள் உதட்டுக்குத் திரும்பின.
மழை மட்டும் நிற்கவில்லை.

"யாரு இன்னும் ஆட்டுறது?"
ஜிங் யீ ஒவ்வொரு கையாய் எண்ணிப் பார்த்தாள்.
எழுபத்தாறு.
சந்தேகத்தோடு என்னிடம் வந்து
எழுபத்தெட்டு.
எல்லாம் சும்மாதான் இருந்தன.
மேலே கூரைக் கண்ணாடியில்
ஜனவரி மழை அறைந்துகொண்டிருந்தது.
தேஜஸ்வின் அண்ணாந்து பார்த்தான்,
கையைப் பார்த்தான்,
ரகசியமாகச் சொன்னான்:
"ரொம்ப ஆட்டிட்டோம்."

யாரும் மறுக்கவில்லை.
நானும்தான்.

ஹைகல் குந்தி உட்கார்ந்து
சட்டைப்பையில் அரிசி அள்ளிக்கொண்டிருந்தான்.
"பிராஸ் பசா என்றால் ஈர அரிசி,
எங்கள் அம்மா சொல்லியிருக்காங்க.
தெருவில் கொண்டுபோய் நனைக்கணும்.
அப்பதான் பேரு சரியா வரும்."
தடுக்க வேண்டியவள் நான்.
வாசல்வரை அவனுக்குக் குடை பிடித்தேன்.

சாயங்காலம் படிவம்.
பொருள்: மூங்கில் குழாய், எண் நூற்று நாற்பத்தேழு.
சேதம்: விரிசல், அரிசி இழப்பு,
ஒரு சட்டைப்பை அளவு.
காரணம்:
அந்தக் கட்டம் ரொம்பச் சின்னது,
இரண்டு எழுத்துக்குத்தான் இடம்.
இடி என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
குவெக்குக்குத் தமிழ் தெரியாது.
கேட்டால்
சொல்லலாம்.