அசை

பதினெட்டு வருஷம் ஆர்லோ பெட்டிங்கில்
உதட்டை அசைக்காமல் பிழைத்தான்.
ஸ்க்ராண்டனில், டொலீடோவில், பெயர் மறந்த பனி ஊர்களில்
நாய் வித்தைக்கும் சைக்கிள் சகோதரிகளுக்கும் நடுவே
பன்னிரண்டு நிமிஷம்.
பேசியதெல்லாம் மடியிலிருந்த மரப்பொம்மை.
கைதட்டலும் அதற்குத்தான்.

கலிபோர்னியாவில் டைரக்டர் கத்தினார்:
"வாயை அசைய்யா, யாருக்குக் கேட்கப்போகிறது!"
அசைத்தான்.
பொம்மை பெட்டிக்குள் போயிற்று, அந்துருண்டையோடு.

ஏழு படம். ஏழிலும் சாகிற வேஷம்.
கதாநாயகி மடியில் தலை சாய்த்து ஏதோ முனகுவான்.
திரையில் எழுத்து வரும்: "அன்பே, விடைகொடு."
கொட்டகை மூக்கைச் சிந்தும்.

அக்ரனிலிருந்து, டயர் ஆலைக் கறை படிந்த ஒரு கடிதம்:
"ஐயா, எங்கள் வரிசையில் பதினோரு பேருக்குக் காது கேட்காது.
உதட்டைப் படிப்போம்.
சாகும்போது நீங்கள் சொன்னது,
'முழங்கையை எடும்மா, விலாவில் குத்துகிறது.
சனிக்கிழமைச் சம்பளம் வேறு இன்னும் வரவில்லை.'
நாங்கள் சிரித்த சிரிப்பில்
கொட்டகைக்காரர் வெளியே அனுப்பிவிட்டார்.
சம்பளம் வந்ததா?
மின்னா க்ரோட்."

எட்டாவது படம்.
குண்டடிபட்டு விழுந்தவன்
கதாநாயகியைப் பார்க்கவில்லை.
கேமராவுக்கு நேராக, நிதானமாக
அசை பிரித்தான்:
"பாதி வந்தது, மின்னா."