பன்னிரண்டரைக்குத் திரும்ப வேண்டும்

சமையலறை மேசையில் வரைபடம் சுருண்டுகொண்டே இருக்கிறது.
ஒரு மூலையில் உப்புக் குப்பி, இன்னொன்றில் உன் முழங்கால் தைலம்.
மற்ற இரண்டையும் என் முழங்கைகள் பார்த்துக்கொள்கின்றன.

மழை வந்தால் தபால் நிலையத்தில் வேலையை விட்டுவிட்டு
எல்லோரும் ஜன்னலுக்கு ஓடும் ஊர் இது.
டெக்சஸின் மேற்கு ஓரம், கருகிய புல், கள்ளி, கம்பி வேலி.
அப்படியும் சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து
யாரையும் கேட்காமல் ஓர் ஆறு கிளம்பிவிடுகிறது,
நீலக் கோடாக,
நடுவில் கொஞ்சதூரம் புள்ளிக்கோடாக,
மறுபடி நீலமாக.

ட்ராட்வைனைத் தொலைபேசியில் பிடிக்க நான்கு நாளாயிற்று.
பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.
“தண்ணீர் அரசாங்கத்தோடது, ஒட்டிலியா. கரை என்னோடது.
கரையில் கால் வைத்தால் நாயை அவிழ்த்துவிடுவேன்.
மனசில் வைத்துக்கொள்ளாதே.”
ஆகவே பாலத்தடியில் இறங்கியபின்
பாதை என்று தனியாக எதுவும் இல்லை.
ஆறேதான் வழி.
கணுக்கால் அளவு, தொடை அளவு,
வளைவுகளில் எவ்வளவு என்று வரைபடம் சொல்லவில்லை.

தலைக்கு ஐந்து லிட்டர் குடிநீர் என்று எழுதுகிறேன்.
“நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பவர்களுக்கா?”
பாத்திரம் துடைத்தபடி சிரிக்கிறாள் உன் தங்கை நெல்டா.
ஆடுகள் இறங்கும் ஆறு அது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்,
ஆற்றில் நடப்பதற்கும் அளந்துதான் எடுத்துப்போக வேண்டும்.

சோளரொட்டி, பீன்ஸ், இரண்டு ஆரஞ்சு.
பாம்புக்கு ஒரு கம்பு. உனக்கு இன்னொன்று.
வடக்கே இரண்டு மாவட்டம் தள்ளி இடி இடித்தாலும்
பயணம் இல்லை. இதில் பேச்சே கிடையாது.

வழுக்குப் பாறையில் மணிக்கு ஒரு மைல், உன் முழங்காலோடு.
ஆறு மணிக்கு இறங்கினால்
பன்னிரண்டரைக்கு எங்கே நிற்கிறோமோ அங்கேயே திரும்ப வேண்டும்.
ஊற்று ஏழரை மைலில் இருக்கிறது.
கூட்டிக் கழித்தேன். பேனாவை மாற்றிக்கொண்டு
இன்னொரு தடவையும் கூட்டிக் கழித்தேன்.
போய்ச் சேர மாட்டோம், ரெமீஹியோ.

நீ பதில் சொல்லவில்லை.
பென்சிலை எடுத்து, ஆற்றின் மேல் அல்ல,
அதற்கு மேலே மேட்டு நிலத்தில்
ஒரு புள்ளி வைத்தாய்.
“ஹோல்காம் பண்ணை. நானூற்றைம்பது அடி.”
இன்னொன்று. “பழைய பள்ளிக்கூடம்.”
இன்னொன்று, பெயர் சொல்லாமல்.
இருபத்தாறு வருடம் துளைக் கருவியோடு திரிந்தவன்,
ஒரு கிணற்றையும் மறக்கவில்லை.
நெல்டா துணியை வைத்துவிட்டு வந்து நின்றாள்.

புள்ளிகள் நெருங்கும் இடத்துக்கு நேர் கீழேதான்
நீலம் புள்ளிக்கோடாகிறது.
உன் அலமாரியிலிருக்கும் பழைய பதிப்பில்
அது முழுக்கோடு.
நானும் பார்த்தேன். நீயும் பார்த்தாய்.
குளிர்சாதனப் பெட்டி கொஞ்சநேரம் உறுமிவிட்டு நின்றது.

“ஊற்றுக்கண்ணை ஒருமுறை
நேருக்கு நேர் பார்க்கணும்,” என்றாய்,
கடன்பட்ட வீட்டுக்குப் போகிறவன் குரலில்.

நான் அழிப்பானை எடுத்தேன். பன்னிரண்டரையை அழிக்கவில்லை.
ஆறு மணியை மட்டும் நான்கு என்று திருத்தினேன்.
இருட்டில் இறங்க வேண்டியிருக்கும். தலைவிளக்குக்கு பேட்டரி இல்லை.
டிவி ரிமோட்டிலிருந்து உருவினேன்.
அப்போதும் கணக்கு ஏழரைக்கு ஒத்துவரவில்லை,
ஓய்வையும் ஆரஞ்சையும் கழித்தால் ஏழு வரை வருகிறது.
மீதி அரை மைலைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒரு சீட்டு:
நெல்டா, ஏழு மணிக்குள் வந்துவிடுவோம்.
ஒன்பது ஆகியும் வராவிட்டால் ஷெரீஃபுக்குச் சொல்.
கரையில் தேட வேண்டாம் என்று சொல்,
தண்ணீரில்தான் இருப்போம்.
பூனைக்குப் பாதி டப்பா போதும்.