இரண்டு போட்டவர்கள்

கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம்
சீட்டுகளைப் பிரித்து நீவி அடுக்குகிறார்கள்.
இந்தப் பக்கம் நாங்கள்,
கையில் பென்சில், மடியில் சாண்ட்விச்,
எட்டிப் பார்த்துக் கோடு கிழிக்கிறவர்கள்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.

க்ளூன்மாய்ல் பள்ளிப் பெட்டியைக் கொட்டினார்கள்.
பதினெட்டு வருடமாய் அந்தச் சாலையில்
பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன்.
எந்த வாசலிலிருந்து எந்தப் பிள்ளை
ஒற்றைக் காலுறையோடு ஓடிவரும் என்று தெரியும்.
அந்தப் பெட்டியில் எனக்கு ஒன்பது.
நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளைகளே பதினான்கு.

"மோசமில்லை டெர்வ்லா, நாள் இன்னும் இருக்கு"
என்று என் மைத்துனன் லோர்கன்
ஃபிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றினான்.
அவன் பென்சிலைக் காதில் சொருகிவிட்டதைப் பார்த்தேன்.

கழிவறை வரிசையில் திருமதி ஹாலிகன்:
"உனக்குத்தாம்மா இரண்டு போட்டேன்."
கேக் மேசையில் மாட்டு வைத்தியர்:
"எங்க வீட்டில் நாலு பேரும். நாலு பேரும் இரண்டு."
பாதிரியார் எதுவும் சொல்லக் கூடாதாம்,
தூரத்தில் நின்று இரண்டு விரலைக் காட்டினார்.
உள்ளங்கை எந்தப் பக்கம் என்று
ஒரு நொடி கவனித்துக்கொண்டேன்.

ஊருக்கே என்னைப் பிடித்திருக்கிறது,
வேறொருவருக்கு அடுத்தபடியாக.
இலை போட்டிருக்கிறார்கள்,
முதல் பந்தி எழுந்தால் உட்காரலாம்.
முதல் பந்தி எழவில்லை.

ஆறாம் சுற்றில்
ஒலிபெருக்கி என் பெயரைத் தப்பாக உச்சரித்து
என்னை நீக்கியது.
அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன்.
அதன் பிறகு என் கட்டை அவிழ்ப்பார்கள் என்பதும்
புத்தகத்தில் படித்ததுதான்.
படிப்பது வேறு.
கடைசி நிறுத்தத்தில் கதவைத் திறந்துவிட்டதுபோல்
முந்நூற்றுச் சொச்சம் பேரும் இறங்கினார்கள்,
பையை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல்,
அவரவர் அடுத்த ஆளைத் தேடி.
நாற்பத்தொரு பேர் யாரிடமும் போகவில்லை.
எனக்கு ஒன்று, அதோடு சரி.
அந்த நாற்பத்தொரு பேர் யார் என்று
சாகும்வரை யோசிப்பேன் போலிருக்கிறது.

நூற்று நாற்பத்தேழு பேர் போனது
மாலக்கி டூஹியிடம்.
வீடு விற்றுத் தருகிறவர்.
க்ளூன்மாய்ல் முனையில் நிழற்குடைக்கு நிதியில்லை என்று
போன மார்ச்சில் கை தூக்கியவர்.
என் ஆட்களின் முதுகில் ஏறித்தான் கரை சேர்ந்தார்.
தோளில் தூக்கி அவரைக் குலுக்கியபோது
கூடைப்பந்து வளையம் மண்டையில் இடித்தது.
எனக்குச் சந்தோஷம்தான், ஏன் மறைக்க வேண்டும்.

கை கொடுத்தார். "உங்கள் ஓட்டுக்கு நன்றி."
என் ஓட்டு!
நான் அவருக்குப் போட்டது பதினொன்று,
பதினொரு பேர்தான் நின்றோம்.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில்
இருபத்தாறு வருடம் கவுன்சிலராக இருந்த ஓனி ப்ரெஸ்லின்
காருக்குள் உட்கார்ந்திருந்தார், தனியாக.
வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. மழை இல்லை.
கண்ணாடியைத் தட்டலாமா என்று நினைத்தேன்.
தட்டவில்லை.

திங்கட்கிழமை மழை வந்தது.
க்ளூன்மாய்ல் முனையில் வண்டியைத் திருப்பும்போது
பிள்ளைகளைக் காணோம்.
பிறகுதான் பார்த்தேன்:
வேலிக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே
தேர்தல் அட்டைகளைச் சேர்த்துக் கட்டி
யாரோ ஒரு கூரை போட்டிருக்கிறார்கள்.
மூன்றில் நான், ஒன்றில் டூஹி,
இரண்டு பேரும் முகம் குப்புற,
பிள்ளைகளின் உச்சந்தலையைப் பார்த்துச் சிரித்தபடி.

முதலில் ஏறிய டூஹல்டி வீட்டுச் சின்னவள்
கோட்டிலிருந்து நீரை உதறிக்கொண்டே சொன்னாள்:
"எங்க அம்மா உங்களுக்கு ஐந்து போட்டாங்களாம்."
"ரொம்ப நன்றின்னு சொல்லு" என்றேன்.

வாக்கு முடிந்து ஏழு நாளுக்குள்
அட்டைகளைக் கழற்றாவிட்டால் அபராதம், என் பேரில்.
இன்னும் நாலு நாள் இருக்கிறது.
கதவை மூடி
முதல் கியரைப் போட்டேன்.