எட்டாவது

"நேற்று இரண்டு மணிவரை
நித்திரை இல்லைப் போல" என்றார் ஜெகதீபன்,
தொலைபேசியில், மழையைப் பற்றிக் கேட்பதுபோல.
அவர் இருப்பது பாசலில்.
நான் ஓல்ட்டனில், மூன்றாம் மாடியில்.
விவாகரத்துத் தீர்ப்பு இழுப்பறையில்
பதினொரு மாதமாக.

யாரும் சொல்லவில்லை அவருக்கு.
வேலிக்கு ஓணான் சாட்சி,
அவருக்கு என் குசினி விளக்கு.
கைபேசியால் அதை ஏற்றி அணைக்கப்
பழக்கியவர் அவர்தானே.
மின்கட்டணம் மட்டும் நான்.

வேலை முடிந்து வந்து
மேலங்கியைக் கழற்றாமல்
சப்பாத்து அலுமாரிக்குப் பின்னால் முழந்தாளிட்டேன்.
வெள்ளைப் பெட்டி. நாலு பச்சைக் கண்.
அடியில் ஒட்டிய தாளில் கடவுச்சொல்.
அதை மாற்றலாம் என்று
ஏழு வருஷமாய் யாரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

உள்ளே நுழைந்தால் ஒரு பட்டியல்:
என் கைபேசி, ஆரணியின் கைபேசி,
அவளது மடிக்கணினி, தொலைக்காட்சி,
அந்த விளக்கு, தூசி உறிஞ்சி,
அச்சுப்பொறி (மை தீர்ந்து இரண்டு வருஷம்,
கூப்பிட்டால் இன்னும் "இருக்கிறேன்" என்கிறது).
எட்டாவதுக்குப் பெயர் இல்லை.
எழுத்தும் எண்ணுமாய் ஒரு நீளம்.

வீடு முழுக்க ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிப் பார்த்தேன்.
கூடத்தில், ஆரணியின் பிறந்தநாளுக்கு வந்த
மின் படச்சட்டம்.
பனிமலையில் நாங்கள் மூவரும் சிரிக்கிறோம்,
படம் மாறுகிறது, மறுபடி சிரிக்கிறோம்.
சட்டத்தின் நெற்றியில்
பொட்டளவு ஒரு துளை.

அவன்.
பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை
'ன்' போட்டு நினைத்தேன்.

துவாயில் சுற்றி மா டின்னுக்குள் இறக்கினேன்.
எறியக் கூடாது, அது சாட்சி.
பெட்டியின் முதுகில் ஊசித் துளை ஒன்று,
பேனா நுழையாது.
தோட்டைக் கழற்றி அதன் கம்பியால் அமர்த்தினேன்,
கலியாணத்துக்கு வாங்கிய தோடு.
பத்து எண்ணுவதற்குள்
பச்சைக் கண்கள் நாலும் மூடின.

யன்னலில் மூடுபனி. ஆரே ஆற்றிலிருந்து ஏறி
எதிர்க் கட்டடத்தை முழுதாக விழுங்கியிருந்தது.
இந்த ஊரில் எல்லாரும் திட்டுவது அதைத்தான்.
நானும் திட்டியிருக்கிறேன்.
இனி யோசித்துத் திட்ட வேண்டும்.

பிறகுதான் ஞாபகம் வந்தது
என் கைபேசியில் ஒரு நீலப் புள்ளி.
பழைய மரப்பாலத்தில், அரை மணியாய் அசையாமல்.
யாரோடு?
விரல் தானாகப் படத்தைப் பெரிதாக்கியது.
ஆரணிக்குப் பதினேழு.
அவளுக்குத் தெரியாமல் நான் வைத்த புள்ளி அது.
ஏன் வைத்தாய் என்று யாராவது கேட்டால்
'அக்கறை' என்று சொல்ல வைத்திருந்தேன்.
அவனும் அதைத்தான் சொல்லுவான்,
எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

அழிக்கவா, உறுதியா என்றது கைபேசி.
உடனே சொல்லவில்லை.
சோற்றை வடித்து, குளித்து,
தலை துவட்டி வந்து சொன்னேன்.

பன்னிரண்டே காலுக்குப் படியில் சத்தம்.
அதுவரை நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.
"அம்மா, வைஃபை வேலை செய்யேல்ல."
"புதுக் கடவுச்சொல் வேணும்."
"என்ன வைக்க?"
வாய்வரை வந்தது அவள் பிறந்த தேதி.
"நீயே யோசிச்சு வை."
எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டினாள்.

புள்ளியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

குசினி விளக்கு மட்டும்
யாருக்கும் கட்டுப்படாமல் எரிந்துகொண்டிருந்தது.
கதிரையில் ஏறிக் குமிழைத் திருகினேன்.
விரல் சுட்டது.