தொண்ணூற்றொன்பது

நல்லம்பள்ளி அலுவலகத்தில் கரண்ட் வந்ததும்
வத்தல்மலைக் கோப்பைத் திறந்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு வரிசை.
தண்ணீருக்கு நடக்கும் நேரம், நிமிடத்தில்:
சராசரி நாற்பத்தொன்று என்றது.
நம்பவில்லை.

பதில் சொல்லாதவர்களுக்கு நாங்கள் வைத்த எண் 99.
அதையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறது,
சொன்னதை மட்டும் செய்யும் ஜென்மம்.

ஒரு வரிக் கட்டளை:
99 இருந்தால் புள்ளி வை.
என்டர்.
இருபத்திரண்டு.
மலையே கிணற்றோரம் குடிவந்துவிட்டது.

படிவங்களைக் கட்டும்போதுதான் பார்த்தேன்.
வரிசை 308, உண்ணாமலை.
ஓரத்தில் கவுசரின் பென்சில்:
"கூடவே நடந்தேன் சார். செல்போனில் மணி பார்த்தேன்.
தொண்ணூற்றொன்பதேதான்."

கட்டளைக் கோப்பில் இப்போது இன்னொரு வரி இருக்கிறது,
அவளுக்கு மட்டும்.
மறுபடி ஓட்டினேன்.
சராசரி,
புள்ளிக்கு வலப்பக்கம் கொஞ்சம் அசைந்தது.